பாலம் இருந்த இடம்

நாரின் நகரில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
சமையலறை மேசையில்
ஜூலை மாதத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் ஒரு சிவப்புக் கோடு:
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
நாலாயிரத்து அறுநூறு மீட்டர் ஏற்றம், இரண்டு நாள்.
ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால்
மலை ஒன்று கூடுகிறது.
விட்டால் குறைகிறது.
விரல் நுனிக்கு மூச்சு வாங்குவதில்லை.

போன வருஷம் ஓட்டியவர்கள்
நன்றிக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்:
அழகு, ஆனால் எளிது.
அந்த 'ஆனால்'
செருப்புக்குள் புகுந்த சரளைக்கல்.
எட்டு மாதமாக அதோடுதான் நடக்கிறேன்.

அதனால் இந்த வருஷம் போஸ்-கியிக் கணவாய்.
சம உயரக் கோடுகள் அங்கே
ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்து
வெறும் பழுப்பு மையாகிவிடுகின்றன.
கடைசி ஆறு கிலோமீட்டர் பதினான்கு சதவீதம்,
தரையெல்லாம் முட்டையளவுக் கல்.
நான் அதில் ஏறியிருக்கிறேன்,
ஒரே ஒரு முறை,
முக்கால்வாசி.

நாற்பத்தைந்து மில்லிமீட்டர் டயர் செல்லாது,
ஐம்பது கேள் என்றான் ஒரோஸ்பெக்,
சங்கிலிக்கு எண்ணெய் விட்ட அதே கையால்
ரொட்டியைப் பிய்த்தபடி.
அவன் கணக்கு வேறு:
எந்த வளைவில் எத்தனை பிரேக் கட்டை தேயும்,
எத்தனை பேர் இறங்கித் தள்ளுவார்கள்,
தள்ளும்போது யாரைத் திட்டுவார்கள்.
"உன்னைத்தான், சைராகுல்."

கணவாய் தாண்டி, இறக்கத்தின் அடியில், ஒரு பாலம்.
சோவியத் கால வரைபடத்தில் இருக்கிறது,
மூன்று டன் தாங்கும் என்ற குறிப்போடு.
சாட்டிலைட் படத்தில் அதே இடத்தில் மேகம்.
வேறொரு வருஷத்துப் படத்தில்
வேறொரு மேகம்.

கோடையில் அந்தப் பள்ளத்தாக்கில்
கூடாரம் போடும் ஜிபாருக்குப் போன் போட்டேன்.
பின்னணியில் குழந்தை, தொலைக்காட்சி,
ஈனப்போகும் மாட்டின் முனகல்.

"பாலமா? அது போய் மூன்று வசந்தம்.
இரண்டு நெட்டை மரத்தைப் போட்டிருக்கிறோம்.
ஆடு போகும்.
உன் ஆட்கள் ஆட்டை விடக் கெட்டிக்காரர்களா?"

கணவாயிலிருந்து உங்கள் இடம்
எத்தனை கிலோமீட்டர் என்றேன்.

"அது யாருக்கு வேண்டும்?
எத்தனை மணிக்கு வருவார்கள், அதைச் சொல்.
பதினோரு மணிக்கு முன்னால் ஆறு முழங்கால் வரை.
வெயில் மேலே பனியைத் தொட்டுவிட்டால் இடுப்பு.
நாலு மணிக்கு அது ஆறே இல்லை,
பிரேக் போன லாரி."

போனை வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்தேன்.
தூரம் இருந்தது. உயரம் இருந்தது.
சரிவுக்குச் சரிவு நிறம் மாறியது.
காலை என்ற ஒன்று
அதில் எங்குமே இல்லை.

விடிய விடியத் திருப்பிப் போட்டேன்.
புறப்பாடு அதிகாலை மூன்று மணி.
உச்சி எட்டரை.
ஆற்றங்கரை பத்தே முக்கால்.
அதற்குப் பின் வருகிறவர்
அன்றிரவு ஜிபாரின் விருந்தாளி.

இதை அவளிடம் கேட்கவில்லையே என்பது
ஏழு மணிக்குத்தான் உறைத்தது.

"எத்தனை பேர்?"
"முப்பத்தெட்டு பேரில்... பாதி."
மாடு ஈன்றுவிட்டது போல. முனகல் இல்லை.
"கூடாரத்துக்குக் கம்பளி இருபது மீட்டர்
உன் செலவு," என்றாள்.
"தேநீருக்குத் தனிக் கணக்கு.
கன்றைப் படம் பிடிக்க வேண்டுமென்றால்
என்னிடம் கேட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்."

இரு கரைக்கும் நடுவே
சிவப்புக் கோட்டை அழித்தேன்.
பாதை தொடர்ச்சியாக இல்லை
என்று எச்சரித்தது கணினி.
சரி செய்யவா என்றது.
வேண்டாம்.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
ஒரோஸ்பெக் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
கணவாயின் பெயரையே வை என்றான்.

'பத்தே முக்கால்' என்று தட்டினேன்.